நானூற்றுப் பன்னிரண்டாவது படகு

மண்டபம் டோக்கன் ஆபீஸ். விடியக்காலம் மூன்றரை.
சென்னையிலிருந்து வந்த பட்டியலைத் திறந்தால்
அத்தனை படகும் ஒரே வரியில்,
ஒன்றின் முதுகில் மற்றதன் அணியம் இடித்தபடி.

அங்குள்ள கணினிக்கு ஒரு குறி போதும்:
கீழே இறங்கு.
என் பழைய விண்டோஸ் கேட்பதோ இரண்டு:
கரைக்குத் திரும்பு,
பிறகு இறங்கு.

"வாடை ஏறுதும்மா" என்று
கவுண்டருக்குள் கை நீட்டுகிறார் சீனி இபுராகிம்.

ஒரு கட்டளை.
படகுக்கு ஒரு திரும்புதல்
கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துகொண்டது.
எண்ணச் சொன்னேன்:
நானூற்றுப் பதினொன்று.

அடியில் கிடந்தது அவருடையது.
பெயர் சரி, எண் சரி,
பின்னால்தான் யாரும் என்டர் தட்டவில்லை.

தட்டினேன்.

"இம்புட்டுத்தானா?"
ஈரக்கையில் வாங்கியதும் சீட்டு ஊறிப்போனது.
இன்னொன்று அச்சடித்தேன்.