முதுநகர் கேட்

பதிவெண்ணில் நான் போட்டது ஏழா, ஒன்றா?
ஹாலை விட்டு வந்து நாலு மணி நேரம்.
பேனா மூடி முழுக்க என் பல்தடம்.

ஒன்றென்றால் அரியர்,
வேலை போய்,
அப்பாவின் கடனுக்கு வட்டி ஏறி,
முப்பது வயதில் யார் வாசலிலோ
கூனிக்குறுகி நிற்பதுவரை
போய்த் திரும்பிவிட்டேன்.
பஸ் இன்னும் கேட்டில்தான் நிற்கிறது.

கரி ஏற்றிய கூட்ஸ்.
ஷமீமா ஜன்னல் கம்பியில் விரல் தட்டி எண்ணுகிறாள்.
நானும்.

"நாப்பத்தி மூணு."
"நாலுடி. கார்டு பெட்டிய விட்டுட்ட."
"அது கணக்குல வராது."
"யாரு சொன்னா?"

கருவாட்டு வாடை அடித்து ஓயும்வரை
அதே சண்டை.

இறங்கும்போதுதான்
அந்த ஏழு ஞாபகம் வந்தது.
ராத்திரி படுத்ததும் மறுபடி வரும், தெரியும்.

அதற்குள்
ரெண்டு தோசை சாப்பிட்டுவிடலாம்.