சாவியோடு கரிஃபாலியா சொன்னவை

இடது கதவில் இருக்கும் நசுங்கல்
உங்கள் கணக்கில் வராது.
படம் எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே கையெழுத்து.
எப்படி ஆனது என்று மட்டும் கேட்காதீர்கள்.

இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும்,
அதட்டாமல் போட்டால் விழும்.
பெட்ரோலை இந்த ஊரிலேயே நிரப்பிவிடுங்கள்.
தெற்கே ஸ்கலோபெத்ராவில் ஒரு பம்ப் உண்டு,
அதை நம்ப வேண்டாம்.

வரைபடத்தைப் பாருங்கள்.
கடலுக்குள் நீளும் மூன்று விரல்களில்
மானி நடுவிரல்.
வரி கேட்டு வந்தவர்களுக்கெல்லாம்
எங்கள் ஆட்கள் காட்டியதும் அதுதான்.

பத்து கிலோமீட்டர் என்று போட்டிருந்தால்
நாற்பது நிமிடம் வையுங்கள்.
கழுதை போன தடத்தில்தான் தார் ஊற்றினார்கள்,
கழுதைக்கு எந்த அவசரமும் இருந்ததில்லை.
வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள்.
ஆடுகள் மதிக்காது, ஆட்டுக்காரன் காதில் விழும்.
ஓர் ஆடு கடந்துவிட்டால்
எஞ்சினை அணைத்துவிட்டு ஆரஞ்சு உரியுங்கள்.

பெயர்ப்பலகைகளில் ஓட்டைகள் இருக்கும்.
துரு இல்லை, தோட்டா.
உங்களை நோக்கி இல்லை;
காடை அகப்படாத நாளில்
எதையாவது சுட்டுவிட்டுத்தானே வீடு திரும்ப வேண்டும்.

கித்தா தாண்டினால் கோபுர வீடுகள்.
எல்லோரும் நிற்கும் இடத்தில் நீங்களும் நிற்பீர்கள்.
ஜன்னல்கள் எவ்வளவு சிறியவை, பாருங்கள்.
காற்று வர வைத்தவை இல்லை,
துப்பாக்கிக் குழாய் போக வைத்தவை.
எதிரி கப்பலில் வரவில்லை,
தெருவுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தான்,
சில வேளை மைத்துனனாகவும் இருந்தான்.
ஒலிவ அறுவடைக்கு மட்டும் சண்டை நிற்கும்.
எண்ணெய் ஆட்டி முடிந்ததும்
விட்ட இடத்திலிருந்து.

வழியில் கற்கோயில்கள், கைக்குட்டை அளவில்,
பூட்டியே கிடக்கும்.
சாவி யாரிடம் என்று காபிக்கடையில் கேளுங்கள்,
காபி வாங்கிய பிறகு கேளுங்கள்.
உள்ளே புனிதர்களின் கண்களைச் சுரண்டியிருப்பார்கள்.
துருக்கியர் வேலை என்பார் கடைக்காரர்.
கண்வலிக்காரர்கள் கரைத்துக் குடித்தார்கள் என்பாள் அவர் மனைவி.
இரண்டுக்கும் தலையாட்டுங்கள்,
இல்லாவிட்டால் இருட்டும்வரை அங்கேதான் இருப்பீர்கள்.

தெய்னாரோ முனையில் காரை விட்டு நடங்கள்.
தண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே விற்பவர் இல்லை.
பாதை ஓரத்தில் ரோமானியர் பதித்த தரை,
வட்டம் வட்டமாக, கூரையில்லாமல், வேலியில்லாமல்.
மிதிக்காதீர்கள்.
பாதாளத்தின் வாசல் பக்கத்தில்தான் என்பார்கள்,
குனிந்து பார்த்தேன்,
பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று கிடந்தது.
கலங்கரை விளக்கத்தருகே காற்று தொப்பியைக் கேட்கும்.
கொடுத்துவிடுங்கள்.

பிறகு, அந்த பம்ப்.
பெட்ரோல் நல்லதுதான்.
தண்ணீர் கலக்க மாட்டான் லிகூர்கோஸ், என் தம்பி.
பதினேழு ஒலிவ மரங்களை
யாருக்கு என்று எழுதாமலே அம்மா போய்விட்டாள்.
ஒன்பது வருடம் ஆகிறது.
கதவில் இருப்பது அவன் கால்.

முதலில் நசுங்கலைப் பார்ப்பான், பிறகு உங்களை.
கண்ணாடியைத் துடைப்பான், அதற்குக் காசு வாங்க மாட்டான்.
ஏதாவது கேட்டால்
கிரேக்கம் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.
இல்லை, வேண்டாம்.
நன்றாக இருக்கிறாளா என்று கேட்டால் தலையசையுங்கள்.
முகவாயை மேலே தூக்கினால் இங்கே 'இல்லை',
சாய்த்து இறக்கினால்தான் 'ஆமாம்'.
மாற்றிச் செய்துவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் வண்டி வேண்டும்.
டேங்க் நிரம்பியிருக்க வேண்டும்,
ஒப்பந்தத்தில் நான்காவது வரி.
நிரப்பிய இடத்தில் ரசீது கேட்டு வாங்குங்கள்.
அவன் இன்னும் கையால்தான் எழுதுகிறான்,
ஏழுக்குக் குறுக்கே கோடு போட்டு.
முன்பு போனவர்கள் கொண்டுவந்தவை
இந்த இழுப்பறையில்
ரப்பர் வளையம் போட்டு இருக்கின்றன.
கணக்குக்குத்தான்.