மங்கலாக்கு

பின்னால் சுவர் தெரியக் கூடாதாம்.
புனேயிலிருந்து வந்த மெயிலில் ஒன்பதாவது விதி:
முறையான பின்னணி.
முறையான சுவருக்கு நான் எங்கே போவேன்
கெடிலத்துக்கு இந்தக் கரையில்?

ஒரே அறை. வாடகை ஆறாயிரம்.
கட்டிலை நகர்த்தினால் கேஸ் சிலிண்டர்,
சிலிண்டரை மறைத்தால் ஷைனியின் சைக்கிள்,
எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தால்
சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து
வாய் திறந்து தூங்கும் அமல்தாஸ்.
மிச்சம் மேற்குச் சுவர்.
அதில்தான் அந்தக் கோடு.

அந்த டிசம்பரில் தண்ணீர் நின்ற உயரம்.
நின்றால் எனக்குக் கழுத்து, அவருக்கு நெஞ்சு.
ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி பழுப்பாக.
வீட்டுக்காரர் இரண்டு தரம் வெள்ளையடித்தார்.
ஒரு மழை போதும்,
பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி எழுந்து வந்துவிடும்.

செம்மண்டலம் கடைப் பையன் சொன்னான்:
பச்சைத் துணி கட்டுங்கக்கா, அது பச்சையைத் தின்னுடும்.
நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்த கிளிப்பச்சைப் புடவையை
ஆணியில் மாட்டினேன்.
தின்றது.
புடவை இருந்த இடத்தில் புத்தக அலமாரி,
யாரும் புரட்டாத தடித்த முதுகுகள்.
என் கண்ணாடி வளையலையும் தின்றது.
மணிக்கட்டு அறுந்து
கை தனியாக மிதந்து போய்
இன்ஷூரன்ஸ் கோப்பு ஒன்றைத் திறந்தது.

புடவையை அவிழ்த்து மடித்துவைத்தேன்.
துணி இல்லாமலும் படம் வந்தது,
ஆனால் டீ டம்ளரைத் தூக்கினால் டம்ளர் இல்லை,
உதடு வெறுங்காற்றை ஊதி ஊதிக் குடிக்கிறது.
ஷைனி டிபன் பாக்ஸ் எடுக்க வந்தபோது
புத்தகங்களுக்கு நடுவே ஒரு ரெட்டைச் சடை
முளைத்து மறைந்தது.
புனேயில் யாரோ சிரித்தார்கள்.

அதனால் கடற்கரைக்கு மாறினேன்.
கூடவே இலவசமாக வந்த கடல்.
சட்டைக்குப் போடும் சொட்டு நீலம்,
ஒரு மீன்கூட நாறாத கரை.
தேவனாம்பட்டினத்தில் நிஜக் கடல்
கலங்கலாக உறுமிக்கொண்டிருந்தது அன்றைக்கு.
துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
ஜன்னல் கதவு படார் படாரென அடிக்க
ஒரு காலால் அதை அழுத்திப் பிடித்தபடி
நான் கணக்குச் சொன்னேன்.
என் தோளுக்குப் பின்னால் தென்னை
ஒரு கீற்றுகூட அசைக்கவில்லை.
நல்ல வெதர் போல, ஃபிலோ, என்றார் மேனேஜர்.
பிலோமினா என்று முழுதாகச் சொல்ல
அவருக்கு நேரம் கிடையாது.

மறுநாள் லேப்டாப் கொதித்து இரைந்தது.
படங்களைத் தாங்கும் சக்தி
உங்கள் கணினிக்கு இல்லை என்று எழுதிக் காட்டியது.
மங்கலாக்கு என்ற ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்தது.

அழுத்தினேன்.
பல்லி, ஆணி, மாதா காலண்டர்
எல்லாம் பாலாடையாகத் திரண்டு கலங்கின.
கோடு மட்டும் கலங்கவில்லை.
மேலே வெளிறி, கீழே இருண்டு,
என் காது மட்டத்தில் நீளமாகக் கிடந்தது.

அதிதி கேட்டாள்: பின்னால் தெரிவது கடலா?
நீங்கள் இருப்பது பீச்சிலேயேவா?
அவள் குரலில் நிஜமான ஆசை.
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
கடல் இல்லை, ஆறு என்றேன்.
வந்துட்டுப் போச்சு.
அப்புறம்தான் பார்த்தேன், மியூட்டில் இருக்கிறேன்.
அவள் என் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினாள்.
எவ்வளவு அழகு, என்றாள்.

அடுத்த க்ளெய்ம் நாசிக்கில் ஒரு மளிகைக் கிடங்கு.
வெள்ளச் சேதம். ஆதாரப் படம் இணைக்கப்படவில்லை.
நிராகரி என்பது சிவப்புப் பொத்தான்,
ஒரு நாளைக்கு நாற்பது தரம் அழுத்துவேன்.
இதற்கு அழுத்தவில்லை.
சுவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி எழுதினேன்,
கோடு தெரிகிற மாதிரி.