நூறு கெஜம்

மூடிப்போன ஸ்லேட் குவாரி. வேல்ஸ் ஞாயிறு, தூறல்.
சீட்டுக் குலுக்கியதில்
எனக்கு ஜோடி இட்வால்.
சட்டப்படி பதினொரு மாதமாய் யாரோ.

நான் சுட, அவன் மதிப்பெண் எழுதவேண்டும்.
அவன் சுட, நான்.

பத்து கெஜத்தில் தகர எலி.
இத்தனை கிட்டத்தில் குறி வைத்த இடத்தில் படாது;
குழலுக்கு மேலே இருக்கிறது தொலைநோக்கி,
ஒரு விரற்கடை உயர்த்திப் பிடிக்கவேண்டும்.
மறந்தேன். எலி நிற்கிறது.
ஒரே சமையலறையில் ஒன்பது வருஷம்
இப்படித்தான் தவறவிட்டோம் என்று
எழுதினால் அழகாயிருக்கும்.
விரல் விறைத்திருந்தது, அவ்வளவுதான்.

முப்பதில் பிசகில்லை.
ஐம்பதில் காற்று.
முள்வேலியில் சிக்கிய ஆட்டுமயிர்
ஒன்று சொல்கிறது, புல் இன்னொன்று.

கடைசியில் நூறு.
தேநீர்த்தட்டளவு இரும்பு.
போய்ச் சேர்வதற்குள் குண்டு இரண்டு முழம் இறங்கும்.
இரும்பைப் பார்த்துச் சுடவே கூடாது;
அதற்கு மேலே, வெறும் பாறையில்,
பாசி பிடித்த ஒரு வெடிப்பைப் பார்த்து.

"பள்ளத்துல காத்து திரும்புது. இடப்பக்கம் ஒரு சாண் வை."
பென்சிலைப் பார்த்தபடி சொன்னான்.
விதிப்படி அவன் பேசக்கூடாது.

நம்பவில்லை. அரைச்சாண் வைத்தேன்.

விசை. ஒரு சின்னத் தும்மல்.
பிறகு, வாய் திறந்து மூடுமளவு
ஒன்றுமில்லை.
பிறகு பாறையில் சட்.

வலப்பக்கம். அரைச்சாண்.

சிரிக்கவில்லை அவன். சைபர் போட்டான்,
அழிக்கக்கூடிய மாதிரி,
அழுத்தாமல்.

இப்போது பென்சில் என்னிடம்.
படுத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தியிருக்கிறான்.
ஆட்டுமயிர் அசையாமல் தொங்குகிறது.
அவன் குழல் இன்னும் இடப்பக்கமே.

சொல்லவா?