இலை எடை

எங்கள் பண்ணையில் அந்த மரத்துக்குப் பெயர் கிடையாது.
'செடி' என்போம்.
முதலாளி பக்கத்தில் நின்றால் 'மருந்து'.
உறைபனி தின்ற காப்பித் தோட்டங்களுக்குப் பிறகு
பரானாவின் இந்தச் செம்மண்ணுக்கு
ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததாம்.
வெட்டி, உலர்த்தி, மூட்டை கட்டினால்
கப்பலேறிப் போகும்.
எங்கேயோ ஒரு ஆலையில்
வயிற்றுப் பிடிப்புக்கு மாத்திரையாகும்.

உலர்கூடத்தில் என் முதல் வாரம்.
கையுறையைக் கழற்றாமல் கண்ணைத் துடைத்துவிட்டேன்.
கண்மணி காசு அகலத்துக்கு விரிந்தது.
அன்று மாலை பேருந்தின் எண்
வெறும் வெள்ளைப் புகை.
ஜந்திராதான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்,
"செடி உன்னை உற்றுப் பார்த்துவிட்டது" என்று.

மாதத்தில் இரண்டு நாள்
என் அடிவயிற்றை யாரோ
ஈரத்துணி போலப் பிழிவார்கள்.
சாக்கு தைக்கும் வல்தெசி சொன்னான்:
"மாத்திரைக்கு எதற்குக் காசு?
இங்கே டன் கணக்கில் கிடக்கிறதே."
சொன்னவன், ஞாயிற்றுக்கிழமைப் பன்றிக்கறி
வயிற்றை முறுக்கிய ஒரு காலையில்
தன் மாட்டே தேநீரில் இலையைப் போட்டான்.
மூன்று இலை என்பது அவன் கணக்கு.
ஒரு கைப்பிடி என்பாள் ஜந்திரா.

வயிறு அடங்கியதா, யாரும் கேட்கவில்லை.
நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
முகம் செங்கல்.
இல்லாத கோழிகளைக்
கூடம் முழுக்கத் துரத்தினான்.
முதலில் நாங்கள் சிரித்தோம்.
இதை மட்டும் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.
நெஞ்சில் கைவைத்த பிறகுதான்
வண்டிக்கு ஓடினோம்.
இரண்டு இரவு ஆஸ்பத்திரி,
சிறுநீர் போகக் குழாய்.
திரும்பி வந்தவனுக்கு வெட்கமெல்லாம்
அந்தக் கோழிகளைப் பற்றித்தான்.

மருந்துக்கடை குரோடா
கேள்வி கேட்காமல் எதையும் விற்க மாட்டார்.
கண்ணில் அழுத்த நோய் உண்டா,
சிறுநீர் தடைபடுகிறதா,
இதயம் தானாக ஓடுகிறதா,
மலம் நின்று போயிருக்கிறதா,
வயிற்றில் பிள்ளை உண்டா,
வேறென்ன விழுங்குகிறாய்?
எனக்குப் பின்னால் வரிசை,
எனக்குள்ளே பிழிசல்.
ஒரு அட்டை மாத்திரைக்கு
ஒரு பாவமன்னிப்பா என்று எரிச்சல் வந்தது.

"மூட்டை எத்தனை கிலோ?" என்றார்.
நாற்பது.
"இந்த வில்லையில் பத்து மில்லிகிராம்.
இலையில் இருப்பது மூளைக்கும் ஏறும்.
இதை மாற்றிச் செய்திருக்கிறார்கள்,
பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும்படி.
ஒரு இலை போல இன்னொரு இலை இருக்காது.
ஒரு வில்லை போல இன்னொன்று இருக்கும்.
நீ காசு கொடுப்பது அதற்குத்தான்."

அப்புறம் இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்தார்.
பெயர் ஒன்றே. ஒன்றில் மட்டும்
கீழே சின்ன எழுத்தில் 'கூட்டு'.
அதற்குள் வலிமாத்திரையும் சேர்த்தி.
தலைவலிக்கென்று மேலே இன்னொன்று போட்டால்
இரட்டிப்பாகிவிடும்.
மெல்லாமல் விழுங்கு.
பெட்டி சொல்லும் அளவுக்கு மேல் போகாதே.
பார்வை மங்கினால் டிராக்டர் பக்கம் போகாதே.
"இரண்டு நாளில் விடாவிட்டால்
இன்னொரு அட்டைக்கு என்னிடம் வராதே.
காய்ச்சல், வாந்தி, மலத்தில் ரத்தம்,
வலி வலப்பக்கம் இறங்கிக் குடியேறினால்
மாத்திரையால் அதன் வாயைப் பொத்தாதே.
அது டாக்டரிடம் பேச வேண்டியது."

அக்டோபரில் ஜந்திரா மூட்டைமேல் மடிந்து உட்கார்ந்தாள்.
வலப்பக்கம். நெற்றி கொதித்தது.
"உன் பையில் இருக்குமே, இரண்டு கொடு."
இருந்தது. நான்கு மீதம்.
கொடுக்கவில்லை.
மேஸ்திரியின் வேனில் ஏற்றினேன்.
என்னைத் திட்டியபடியே போனாள்
பதினெட்டு கிலோமீட்டரும்.

குடல்வாலும் இல்லை, ஒன்றும் இல்லை.
காய்ச்சல் ஏதோ கிருமி,
வலி பழுக்காத கொய்யா என்றார் டாக்டர்.
அரைநாள் கூலி போயிற்று.
இன்றுவரை அதைக் கேட்கிறாள்,
சம்பள நாள்தோறும், எல்லார் முன்னாலும்.

கொடுத்துவிடுவேன், கூலியை.