இருபத்தேழில் எட்டு

வண்ணார்பேட்டை, ஜெராக்ஸ் கடை மாடி.
பாலத்தில் லாரி ஏறும்போதெல்லாம்
என் மேசையில் ஒரு போர்க்களம் அதிர்கிறது.

திரையில் மூன்று வேல்காரர்கள்
ஒரு யானையைச் சூழ்ந்து நிற்கிறார்கள்.
ஆளுக்கு முப்பது பொன். யானை தொண்ணூறு.
ஒரு வேல் தைக்க மூன்றில் ஒரு வாய்ப்பு.
மூன்றுமே தவற
மூன்றில் இரண்டை மூன்று தரம் பெருக்கவேண்டும்:
இருபத்தேழில் எட்டு.
மிச்சம் பத்தொன்பதிலும் யானை சாயும்.
நூற்றுக்கு எழுபது என்று
வேலின் பக்கத்தில் பச்சை எழுத்தில் போட்டேன்.

மேலப்பாளையத்தில் செல்போன் கடையைச் சாத்திவிட்டு
செய்யது மசூது ஆட வந்தான்.
முதல் யானை, தவறியது.
இரண்டாவது, தவறியது.
மூன்றாவது அவன் வேல்காரர்களை மிதித்துக்கொண்டே
கோட்டைக்குள் போயிற்று.
"ஏல, ஒம் மெஷினு ஆளப் பாத்து ஆடுது."
இல்லை மசூது,
இப்படி முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்தனுக்கு நடக்கும்,
இன்றைக்கு அது நீ.
"அதத்தானல நானும் சொல்லுதேன்."

பிரிஸ்கில்லா யானைக்குத் தந்தம் வரைந்துகொண்டிருந்தாள்.
நிமிராமல் சொன்னாள்:
"நட்சத்திரமும் இருபத்தேழுதான்.
எட்டுல சந்திரன்னு எழுதிப் போடு,
ஒரு பய கேள்வி கேக்க மாட்டான்."
எங்கள் மூவரில் ஜாதகம் இருந்தது எனக்கு மட்டும்.
அதையும் கரையான் தின்றுவிட்டது.

அன்றிரவு
ஆளில்லாமல் பத்தாயிரம் போர் நடத்தினேன்.
ஆறாயிரத்துச் சொச்சத்தில் கரண்ட் போயிற்று.
மறுபடி முதலிலிருந்து.
யானையின் காலைக் கொஞ்சம் மெதுவாக்கி,
வில்லின் தூரத்தில் ஒரு கட்டம் குறைத்து,
விடியும்போது
வேல் பக்கம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு,
யானைப் பக்கம் ஐயாயிரத்துப் பதின்மூன்று.
தராசு முள் அசையாமல் நின்றது.
எழுந்துபோய் முகம் கழுவினேன்,
கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

பிரிஸ்கில்லா இரண்டு ஆட்டம் ஆடினாள்.
"சப்புன்னு இருக்கு" என்றாள்.
"காசச் சுண்டிப் போட்டா போதுமே,
இதுக்கு நான் எதுக்கு, யானை எதுக்கு?"

கோபத்தில் பாளையங்கோட்டை மார்க்கெட் வரை நடந்தேன்.
கத்தரிக்காய்க்காரனுக்கு என் வயதுதான் இருக்கும்,
காதில் ப்ளூடூத், யாரிடமோ சண்டை.
தட்டு சமமாகி நின்றது.
அதற்குமேல் ஒரு காயை எடுத்து
பைக்குள் எறிந்தான், பேச்சை நிறுத்தாமல்.
கட்டுப்படியாகுமா என்று கேட்டேன்.
காதிலிருந்ததைக் கழற்றினான்:
"கொசுறையும் சேத்துத்தான் வெல சொன்னேன்."

ஓடிவந்தேன்.
போன சுற்றில் தோற்ற கைக்கு
இனி நான்காவதாக ஒரு வேல், இலவசம்.
நான்கும் தவற எண்பத்தொன்றில் பதினாறு,
ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு.
பிறகு, வேல்காரன் விலையை
முப்பதிலிருந்து முப்பத்துமூன்றாக்கினேன்.
இதை எங்கும் பச்சையில் போடவில்லை.

சனிக்கிழமை மசூது ஆடினான்.
மூன்று வேலும் தவறி, கொசுறு வேல் தைத்து
யானை முட்டி போட்டது.
நாற்காலியே கவிழ்கிற மாதிரி எழுந்தான்.
டீ வாங்கப் போனவன்
எங்கள் மூவருக்கு ஐந்து டீ சொல்லியிருந்தான்.

பிரிஸ்கில்லா மட்டும்
திரையின் மூலையில் பொன் குறைவதை
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.
"மூணு ரூவா ஏத்திட்ட, இல்ல?"

லாரி ஒன்று ஏறியது.
நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.