ஏழு பேர்

சீட்டு குலுக்கித்தான் என்னைப் பிடித்தார்கள்.
சாரணர் முகாமில்
கூடாரத்துக்கு ஒரு பெற்றோர் வேண்டுமாம்.
ஆறு காகிதச் சுருள், ஓர் எவர்சில்வர் டம்ளர்.
சவரிமுத்து சார் என் பெயரைப் படித்ததும்
மற்ற ஐந்து பேரும் கைதட்டினார்கள்,
எனக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

ஞாயிறு என்றால் பத்து மணி வரை தூங்குகிறவன் நான்.
மின்வாரியம், கணக்குப் பிரிவு, பதினேழு வருஷம்.
வெளிச்சம் போனால் ஊரே எங்களைத்தான் கூப்பிட்டுத் திட்டும்.
இங்கே, கேப்பர் மலை முந்திரித் தோப்பில்
யாரைத் திட்டுவது?
இருட்டு தானாக வந்தது,
தானாக உட்கார்ந்துகொண்டது.

அதற்கு முன்பே மானம் போயிருந்தது.
கூடாரக் கயிற்றில் நான் போட்ட முடிச்சைப் பார்த்து
ஆறாம் வகுப்பு இர்ஃபான்
"சார், இது ஷூ லேஸ் முடிச்சு. காத்தடிச்சா அவுந்துடும்" என்றான்.
காற்று அடிக்கவில்லை.
ஆனாலும் அவிழ்ந்தது.

நன்மாறன் பருந்து அணிக்குத் தலைவன்.
வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காதவன்
குழி வெட்டி, மூன்று கல் கூட்டி,
ஈர விறகோடு மன்றாடிக்கொண்டிருந்தான்.
ஊதிக் கொடுக்கலாமென்று பக்கத்தில் போனேன்.
"புகையில நிக்காதீங்க சார்."

சார்.
முகாமில் பெரியவர்கள் எல்லோரும் சார்தான்,
வேனில் வரும்போதே சொல்லிவிட்டான்.
இருந்தும் அந்தச் சொல்
சட்டைக்குள் விழுந்த முந்திரிச் சருகு போல
எங்கே என்று தெரியாமல் குத்திக்கொண்டிருந்தது.

சோறு அடிப்பிடித்திருந்தது, சாம்பாரில் செம்மண்.
காற்று இப்படித் திரும்பினால் முந்திரிப் பூ,
அப்படித் திரும்பினால் சிப்காட்.
தீ மூட்டி வட்டமாக உட்கார்ந்தபோது
பெற்றோர் ஆளுக்கொன்று செய்துகாட்ட வேண்டும் என்றார்கள்.
எனக்குப் பாடத் தெரியாது.
மின்கட்டண விகிதத்தை ராகம் போட்டுச் சொன்னேன்.
முதல் நூறு யூனிட் இலவசம் என்று இழுத்தபோது
ஒரே சிரிப்பு.
நன்மாறன் மட்டும் குச்சியால்
கங்கைக் கிளறிக்கொண்டிருந்தான்.

மலையின் அந்தப் பக்கம் மத்திய சிறை.
பத்து மணி அடித்தது கேட்டது.
அங்கே தலை எண்ணுவார்களாயிருக்கும்.
இங்கேயும் விசில்.
மூன்று விரல் நெற்றியில் வைத்து
என் மகன் விறைப்பாக நின்றான்:
"பருந்து அணி, ஏழு பேர், எல்லாரும் இருக்கோம் சார்."

அணியில் ஆறு பையன்கள்.
டார்ச் அடித்து நானும் எண்ணினேன்,
ரீடிங்கில் ஒரு புள்ளி தவறினாலும் கண்டுபிடிக்கிறவன்.
ஆறுதான்.
இரண்டாவது தடவை எண்ணும்போதுதான்
என்னை எண்ணாமல் விட்டது நான் என்று தெரிந்தது.

மூன்றாவது மரத்தடியில் மட்டும் ஒரு கோடு சிக்னல்.
"புள்ள பயந்தானா?" என்றாள் மல்லிகா.
"தூங்கிட்டான்."
"நீங்க?"
கோடு போய்விட்டது. நல்லதுதான்.

நடு இரவில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.
இர்ஃபான். முடிச்சு நிபுணன்.
வீட்டுக்குப் போகணும் என்றான்,
மற்றவர்களிடம் சொல்லக்கூடாது என்றும் சொன்னான்.
கதை ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.
முதுகைத் தட்டியபடி, ராகமில்லாமல்,
முதல் நூறு இலவசம் என்று ஆரம்பித்தேன்.
நூற்றொன்றிலிருந்து இருநூறு வரை ஒரு கணக்கு,
அதில் வணிகம் வேறு, குடிசை வேறு.
மூச்சு சீரானது.
நிறுத்தினேன்.

கூடாரத்தின் அந்த ஓரத்திலிருந்து
போர்வைக்குள்ளிருந்தபடியே ஒரு குரல்:
"இருநூறுக்கு மேல என்னப்பா?"

சொன்னேன்.
ஐநூறு யூனிட் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தேன்,
எப்போது அவன் தூங்கினான் என்று தெரியாது.
சிறையில் இரண்டு மணி அடித்தது.
நான் கட்டிய பக்கத்தில் கயிறு மறுபடி அவிழ்ந்து
துணியின் ஒரு மூலை
முகத்தின் மேல் மெல்ல இறங்கியது.
எழுந்து போய்க் கட்டவில்லை.
கொசுவுக்கு மறைப்பாக இருந்தது.